மடிப்புக்குள் தைத்த பேர்

ஏனுங், அந்த ஜன்னல் கண்ணாடியைச் சித்தத் தள்ளி விடறீங்களா? புண்ணியமாப் போகும். அன்னூர் தாண்டியும் இந்த அனல் அடிக்குதே.

இந்த வெயில்ல கம்பளிக் குல்லா போட்டுட்டு ஒருத்தன் பஸ்ஸுல உக்காந்திருக்கானே, இவனுக்கு மண்டையில மரை கழண்டிருச்சான்னுதான பாக்கறீங்க? மேட்டுப்பாளையத்துல ஏறுனதுலருந்து நீங்களும் பாக்கறீங்க, நான் பாத்தா வெளிய திரும்பிக்கறீங்க. பரவால்லீங்க, கேக்கலாம். நமக்கு ஒளிவு மறைவே கெடையாது.

நீங்க சத்தியமங்கலத்துக்கா? நான் புளியம்பட்டியில எறங்கிருவனுங்க. ஒரு கஸ்டமர் விசயமாப் போறேன். கஸ்டமர்னா கஸ்டமர் இல்ல, கஸ்டமரு யாருன்னு கேட்டுட்டு வரலாம்னு. சொல்றேன், சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

எனக்கு ஊட்டியில தொழிலுங்க. சொந்த ஊரு தெக்கலூரு. திருப்பூருல பனியனுக்கு எம்பிராய்டரி போடற எடத்துல மிஷின் ஓட்டிட்டிருந்தேன். கூடப் பொறந்தது மூணு தங்கச்சிங்க. ஒவ்வொண்ணாக் கட்டிக் குடுத்து, சீரு செஞ்சு, நிமுந்து பாத்தா எனக்குப் பொண்ணு குடுக்கறதுக்கு ஆளே இல்லீங்க. ஜாதகம் எடுத்துட்டுப் போன எடத்துலயெல்லாம் மாப்பிள்ளைக்கு அப்பனாட்டம் இருக்கறீங்கன்னுட்டாங்க. சரி போங்கடான்னு ஒரு பழைய மிஷினை வாங்கி லாரியில ஏத்தி மலைக்கு வந்துட்டனுங்க. கம்பளிக் கடை வரிசையில ஒரு பொட்டிக்கடை அளவுல எடம். டூரிஸ்ட்டுங்க குல்லா வாங்குவாங்க, அதுல பேரு போடச் சொல்லுவாங்க. புதுசாக் கல்யாணம் ஆனதுங்க ரெண்டு குல்லாயைக் கொண்டாந்து, அவ குல்லால அவன் பேரும் அவன் குல்லால அவ பேரும் போடச் சொல்லி நிக்கும். நானும் தெச்சுக் குடுப்பேன். ஊரு உலகத்துல எத்தனை சோடிக்குத் தெச்சுக் குடுத்திருப்பேன், கணக்கே இல்ல.

கம்பளியில எழுத்துப் போடறது சட்டையில போடறாப்புல இல்லீங்க. கம்பளி இழுத்தா இழுபடும், விட்டாச் சுருங்கும். இழுத்துப் புடிச்சுப் பிரேம்ல மாட்டித் தெச்சீங்கன்னா, மிஷின்ல இருக்கற வரைக்கும் எழுத்து ஜோரா இருக்கும், கழட்டுன நிமிசம் மூஞ்சியைச் சுளிச்சுக்கும். அதனால இழுக்காம, கீழ ஒரு காயிதத்து மேல சும்மா படுக்க வெச்சுத் தெக்கணும். மேல கண்ணாடியாட்டம் ஒரு தாளு போடணும். இல்லாட்டிச் சின்ன எழுத்து அப்படியே கம்பளிக்குள்ள முங்கிப் போயிரும். தெச்சு முடிச்சு ஈரக் கையில தேச்சா தாளு கரைஞ்சிரும், எழுத்து நிக்கும்.

அதைவிட முக்கியம் மடிப்பு. இந்தக் குல்லாயைப் பாருங்க, அடியை மேல மடிச்சு விட்டிருக்கேன்ல? பேரு இந்த மடிப்பு மேலதான் வரணும். ஆனா மடிச்சா என்ன ஆகும்? உள்பக்கம் வெளிய வந்துரும், மேலது கீழ போயிரும். அதனால நாங்க மடிப்பைப் பிரிச்சு, உள்பக்கத்தைத் திருப்பி, தலைகீழாத் தெப்போம். தெரியாதவங்க பாத்தா, ஐயோ தப்பாத் தெக்கறானேன்னு கத்துவாங்க. முடிச்சு மடிச்சுக் காட்டுனா கப்சிப்னு ஆயிருவாங்க. இதை மறந்துறாதீங்க. எனக்கு வந்த வம்பே இந்த மடிப்புலதான் வந்துச்சு.

எங்க வரிசையில எனக்கு எதுத்தாப்புல ஒரு அம்மா கடை போட்டிருந்துச்சுங்க. வசந்தாமணின்னு பேரு. புளியம்பட்டிக்காரங்க. வீட்டுக்காரரு மலைக்கு வேலைக்கு வந்த எடத்துல நெஞ்சு வலியில போயிட்டாராம். புள்ளகுட்டி இல்ல. ஊருக்குத் திரும்பாம குல்லாயும் கையுறையும் போட்டு யாவாரம் பண்ணிட்டிருந்தாங்க.

நல்ல மனுசிதானுங்க. ஆனா மரியாதை மட்டும் பத்தாது. வரிசையில சின்னது பெருசு எல்லாமே என்னைய 'எம்பிராய்டரி அண்ணா'ன்னுதான் கூப்புடும். பக்கத்துக் கடை ரோசலின், அவளும் அண்ணாதான். இந்தம்மா மட்டும் ஒரு நாளும் அண்ணான்னு வாய் தொறந்து சொன்னதில்ல. "ஏனுங்க, இருக்கறீங்களா?" அவ்வளவுதான். நான் மட்டும் வசந்தாமணியம்மா, வசந்தாமணியம்மான்னு வாய் நெறையாக் கூப்புடுவேன். எனக்கென்ன, நம்ம மரியாதை நம்மகூடன்னு விட்டுட்டேன்.

யாவாரமும் அந்தம்மாவுக்குச் சாமர்த்தியம் பத்தாதுங்க. வாராவாரம் ஒரு குல்லாயைத் தூக்கிட்டு வந்துருவாங்க. கஸ்டமரு பேரு போடச் சொல்லியிருக்காங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்குவாங்கன்னு சொல்லுவாங்க. சீசன்ல சரி. மழைக் காலத்துல ஊட்டியில ஈ காக்கா இருக்காது, பஸ்ஸெல்லாம் காலியா வந்து காலியாப் போகும். அப்பவும் இந்தம்மாவுக்கு மட்டும் ஆர்டர் வந்துட்டே இருக்கும்! எனக்கே பொறாமையா இருக்குமுங்க. எப்படி ஆளைப் புடிக்கறாங்கன்னு ரோசலினைக்கூடக் கேட்டேன். அவ என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, "அண்ணா, நீங்க நல்லவரு"ன்னா. கேட்டதுக்கும் சொன்னதுக்கும் சம்மந்தம் இருக்குதா?

வந்தா குல்லாயைக் குடுத்துட்டுப் போகவும் மாட்டாங்க. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துக்குவாங்க. "எழுத்து இன்னும் பொடுசா இருக்கட்டுமுங்க"ம்பாங்க. எழுத்து பொடுசானா மிஷினை மெதுவா ஓட்டணும், நேரம் ஆகும், அது அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே கேப்பாங்க. பிளாஸ்க்குல சுக்குக் காப்பி கொண்டாந்திருப்பாங்க, எனக்கொரு டம்ளரு, அவங்களுக்கொரு டம்ளரு. ஒருத்தருக்குப் போடத் தெரியாது போல, எப்பவும் சேத்தே போட்டுருவாங்கன்னு நான் நெனச்சுக்குவேன். மிஷின் டக்கு டக்குன்னு ஓடிட்டே இருக்கும். வெளிய மழை. பெருசா ஒண்ணும் பேசமாட்டோமுங்க. இன்னிக்கு என்ன சமைச்சீங்கம்பாங்க. ஒருத்தனுக்கு என்னத்தைச் சமைக்கறது, ரசம்தான்னு நான் சொல்லுவேன். அவங்களும், எனக்கும் ரசம்தானுங்கன்னுவாங்க. முடிஞ்சுது.

போன மாசி மாசம் ஒரு நாளு வந்தாங்க. கையில அரக்குக் கலருல ஒரு குல்லா. நல்ல குல்லா, கடையில இருக்கறதுலயே மெத்துன்னு இருக்கறது. பொம்பளைங்க போடற அளவு. பேரு என்னங்கன்னேன். தலையைக் குனிஞ்சுட்டு, "அவிநாசியப்பன்"னாங்க.

என்ற பேருதானுங்க அது. நீங்களும் ரோசலினாட்டமே பாக்கறீங்களே! நாட்டுல அவிநாசியப்பன்னு நான் ஒருத்தன்தான் இருக்கனா? அவிநாசி கோயிலைச் சுத்தி எத்தனை ஊரு இருக்குது, எத்தனை அவிநாசியப்பன் இருப்பான்? அட, யாரோ என்ற பேருக்காரரு ஊட்டிக்கு வந்திருக்காருன்னு எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. "யாருங்க, எந்த ஊருக்காரரு?"ன்னேன். "ஆம்பளைங்க பேருல ஒண்ணு, அவ்வளவுதானுங்க, தெச்சுக் குடுங்க"ன்னாங்க.

அப்புறம் ஒண்ணு சொன்னாங்க. "ஏனுங்க, தலைகீழாப் போட வேண்டாமுங்க. பிரிச்சபடி நேராவே தெச்சுருங்க."

நேராத் தெச்சா என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க, இப்பத்தான் பாடம் நடத்துனேன். மடிச்சா எழுத்து மடிப்புக்குள்ள போயிரும். வெளிய ஒண்ணுமே தெரியாது. "மறைஞ்சிருமேங்க"ன்னேன். "மறையட்டும். போடறவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்"னாங்க. அன்னிக்குன்னு பாத்துக் காப்பியும் குடிக்காம, ஸ்டூல்லயும் உக்காராம, விறுவிறுன்னு போயிட்டாங்க.

எனக்கு மனசே ஆறலீங்க. யாராவது பேரை மறைச்சுப் போடுவாங்களா? கஸ்டமரு சொன்னதை அந்தம்மா தப்பாப் புரிஞ்சிருக்காங்க, மடிப்பு விசயம் மறந்துருச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். நாளைக்கு அந்த மனுசன் வந்து மடிச்சுப் பாத்துட்டு, பேரைக் காணோமேன்னு கடைக்கு முன்னால கத்துனா யாருக்கு அவமானம்? அந்தம்மாவுக்குத்தான? அதனால நானே சரி பண்ணிட்டனுங்க. உள்பக்கம் திருப்பி, தலைகீழா, முறைப்படி தெச்சேன். மஞ்ச நூலு போட்டேன், பளிச்சுன்னு இருக்கட்டும்னு. கேட்டதைவிட எழுத்தையும் கொஞ்சம் பெருசாக்குனேன். என்ற சர்வீசுலயே அப்படி ஒரு எழுத்து விழுந்ததில்லீங்க. நம்ம பேரில்லையா, கை தானா நல்லா வந்துச்சு.

சாயங்காலம் டீக்காரரு வர்ற நேரம். வரிசையே வெளிய நின்னு டீ குடிச்சிட்டிருக்கு. நான் குல்லாயை மடிச்சு, இந்தாட்டம் ரெண்டு கையிலயும் விரிச்சுப் புடிச்சுட்டுப் போனேன். ரோசலின் படிச்சா. "அவிநாசியப்பன்! அண்ணா, உங்க பேராச்சே, யாருக்குங்க?"ன்னா. "நம்ம வசந்தாமணியம்மா ஆர்டரு!"ன்னு நல்லாச் சத்தமாச் சொன்னேன். நாலு பேரு காதுல விழுந்தா அந்தம்மா யாவாரத்துக்கு நல்லதுதான?

வரிசையே ஓன்னு கத்துச்சுங்க. ஒருத்தன் விசில் அடிக்கறான். ஒரு கெழவரு, "ரொம்ப நாளா நெனச்சேன்"ங்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல, எழுத்து நல்லா இருக்கறதுக்குத்தான் கத்தறாங்கன்னு நானும் சிரிச்சுட்டு நின்னேன்.

அந்தம்மா வந்து குல்லாயை வாங்குனாங்க. மூஞ்சி ரத்தமாச் செவந்து போச்சு. எழுத்தைக் கையால பொத்தப் பாத்தாங்க, அது எப்படி மறையும்? நான்தான் மறையாதபடி தெச்சிருக்கனே. "மறைக்கத்தானுங்க கேட்டேன்"னாங்க. அவ்வளவு மெதுவாச் சொன்னாங்க, பக்கத்துல நின்னதால எனக்குக் கேட்டுச்சு. கடைக்குள்ள போயிச் சாக்குப் படுதாவை எறக்கி விட்டுட்டாங்க.

மறுநாளு கடை தொறக்கல. அதுக்கு மறுநாளும் தொறக்கல. ஊருக்குப் போயிட்டாங்க, அண்ணன் வீட்டுக்கு, இனி வரமாட்டாங்களாம்னு ரோசலின் சொன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! தப்பைத் திருத்திக் குடுத்ததுக்கு இதுவா மரியாதை? புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லணும். பிரிச்சு வேற போட்டுக் குடுத்திருப்பேன். ஒரு வார்த்தை சொல்லாம ஊரை விட்டுப் போறதா?

நீங்களே சொல்லுங்க, என்ற மேல என்ன தப்பு?

மறுபடி வெளிய திரும்பிக்கறீங்க. சரி.

அப்புறம் ரோசலின் ஒரு அட்டைப் பொட்டியைக் கொண்டாந்து என்ற முன்னால வெச்சா. அந்தம்மா கடையில இருந்துச்சாம். தொறந்து பாத்தா அத்தனையும் குல்லா. அத்தனையும் நான் தெச்சது. மழைக் காலத்துல தெச்சது, பனிக் காலத்துல தெச்சது. ஒருத்தன்கூட வந்து வாங்கிட்டுப் போகல! "பாரு, இத்தனை பேரு ஏமாத்தியிருக்கானுங்க, முன்பணம் வாங்கத் தெரியல"ன்னேன். ரோசலின் தலையில அடிச்சுட்டா. "அண்ணா, அந்தப் பேருல எல்லாம் ஆளே கெடையாதுங்க"ன்னா. ஆளில்லாம எதுக்குப் பேரு போடச் சொல்லணும்? நான் விடலீங்க. அந்த அவிநாசியப்பனையாவது கண்டுபுடிக்கலாம்னு ஊட்டி பூராத் தேடுனேன். லவ்டேல் பக்கம் ஒரு அவிநாசியப்பன் கெடைச்சாரு, ரிட்டையரான போஸ்ட்மேன். நீங்க பொம்பளைங்க அளவுல அரக்குக் குல்லா ஆர்டர் குடுத்தீங்களான்னு கேட்டேன். அவரு சம்சாரம் உள்ளிருந்து வெளிய வந்துருச்சுங்க. நான் ஓடி வந்துட்டேன்.

சிரிங்க, சிரிங்க. நானும் அன்னிக்குச் சிரிச்சனுங்க. கடைக்கு வந்து மிஷினைப் போட்டுட்டு, அட, இதைச் சொன்னா அந்தம்மா எப்படிச் சிரிப்பாங்கன்னு தலையைத் தூக்கறேன், ஸ்டூலு காலியா இருக்குது.

அன்னிக்குத்தான் எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சுங்க. நான் எப்பவும் தனி ஆளுதான். தனியா சமைச்சு, தனியா சாப்புட்டு, தனியாப் படுக்கறவன். அதெல்லாம் ஒரு பாரமாவே தெரிஞ்சதில்ல. இப்பப் பாருங்க, சுக்கு வாங்கியாந்து நானே தட்டிப் போட்டுப் பாத்தேன், வாயில வெக்க முடியல. மிஷின் ஓடறப்பப் பரவால்ல. நிறுத்துனா அந்த அமைதி இருக்குதே, அது தாங்கமாட்டேங்குது. கடைக்கு வர்றவங்க யாராவது அந்த ஸ்டூல்ல பையை வெச்சா எனக்குக் கோவம் வருது. அதுல உக்காரக் கூடாதுங்கன்னு ஒரு டூரிஸ்ட் பொண்ணு மேல வள்ளுன்னு விழுந்துட்டேன். அந்தப் புள்ள பயந்து போயிருச்சு. அழுகை வந்துச்சுங்க எனக்கு. இந்த வயசுல, நடுக் கடையில.

போன வாரம் அந்தம்மாவோட அண்ணன் ரோசலினுக்குப் போன் போட்டிருக்காரு. சீசனுக்கு முன்னால கடையை வேற ஆளுக்கு விட்டுறலாம், ஆளு பாத்தாச்சுன்னு. விட்டுட்டா அவ்வளவுதான், அப்புறம் அவங்களுக்கு ஊட்டியில என்ன வேலை? ரோசலின் நேரா வந்து மிஷின் சுவிட்சை அணைச்சுட்டா. "அண்ணா, நீங்க போயி ஒரு வார்த்தை கூப்புட்டீங்கன்னா வருவாங்க. போகலைன்னா இனி இந்த ஜென்மத்துல வரமாட்டாங்க"ன்னா. நான் கூப்புட்டா எதுக்கு வரணும்னேன். அவ அட்ரெஸை எழுதிக் கையில திணிச்சுட்டுப் போயிட்டா.

அதான் கெளம்பிட்டேன். சும்மா எப்படிப் போறதுன்னு, அந்த ஆர்டரை மறுபடி சரியாத் தெச்சு எடுத்திருக்கேன். பையில இருக்குது பாருங்க, அதே அரக்குக் கலரு. அவங்க சொன்னபடியே நேராத் தெச்சு, மடிப்புக்குள்ள போகறாப்புல. வெளிய பாத்தா மொட்டைக் குல்லா. பொடி எழுத்து, பச்சரிசி மாதிரி. உங்க கஸ்டமருக்குக் குடுங்க, கடையை விட்டுறாதீங்கன்னு சொல்லிட்டு வந்துரலாம்னு. வேற என்ன பேசறதுன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், மலை எறங்கறப்பப் பர்லியாறு வரைக்கும் யோசிச்சேன், ஒண்ணும் வரல.

என்ன கேட்டீங்க? இந்தக் குல்லாயா? அட, இது சாம்பிளுங்க. மடிப்புக்குள்ள நேரா வர்றாப்புல நான் தெச்சுப் பழக்கமில்ல, முதல்ல ஒண்ணு தெச்சுப் பாக்கணுமில்ல? என்ற குல்லாயிலயே தெச்சுப் பாத்தேன். பாக்கறீங்களா? இருங்க, மடிப்பைச் சித்தத் தூக்கிக் காட்டறேன்.

ஆமாங்க. வசந்தாமணின்னுதான் போட்டிருக்குது.

சாம்பிளுக்கு வேற பேரு கெடைக்கலையான்னு கேக்கறீங்க. கெடைச்சிருக்கும். கைக்கு வந்தது அதுதானுங்க.

தெச்சு முடிச்சு, தாளைக் கரைச்சு, தலையில மாட்டி மடிச்சு விட்டேன். கண்ணாடியில ஒண்ணுமே தெரியல. ஆனா இருக்குதுன்னு எனக்குத் தெரியுமில்ல? டீக்கடைக்குப் போறேன், நூலு வாங்கப் போறேன், யாருக்கும் தெரியல, எனக்கு மட்டும் தெரியுது. அப்புறம் கழட்டவே மனசு வரலீங்க. மூணு நாளாச் சூட்டுலயும் போட்டுட்டுத் திரியறேன். போடறவங்களுக்குத் தெரிஞ்சாப் போதும்னு அந்தம்மா சொன்னாங்களே, அது எதுக்குன்னு…

ஏனுங், சித்த இருங்க.

அந்தக் குல்லா பொம்பளைங்க அளவுங்க.

நான் சொன்னேன்ல உங்ககிட்ட? நானே சொன்னேன். ஆனா நான்…

நான் அதைத் தூக்கிட்டுப் போயி, நடு வரிசையில, மஞ்ச நூலுல…

ஐயோ சாமி.

புளியம்பட்டி வந்துருச்சா? கண்டக்டரு விசிலு அடிச்சுட்டாரு. நான் எறங்கலீங்க. எந்த மூஞ்சியை வெச்சுட்டுப் போயி நிக்கறது? நான் உங்ககூடச் சத்திக்கு வந்து, அப்படியே அடுத்த பஸ்ஸைப் புடிச்சுத் திரும்பிப் போயிடறனுங்க.

என்ன, தள்ளறீங்க? சரி, சரி, எறங்கறேன். கண்டக்டரே, ஒரு நிமிசம் நில்லுங்க, எறங்கணும்! அந்தப் பையை மட்டும் எடுத்துக் குடுங்க.

ஏனுங், ஒண்ணே ஒண்ணு. இந்த மடிப்பை எறக்கி விட்டுட்டுப் போகட்டுமா? எறக்கி விட்டா பேரு வெளிய வந்துரும். தெருவுல போறவங்க, அவங்க அண்ணன், எல்லாருந்தான் பாப்பாங்க. பாக்கட்டுமே. என்ற பேரை அவங்க குல்லாயில ஊரே பாத்துச்சு, அவங்க பேரை என்ற தலையில பாக்கட்டும்.

நேரா இருக்குதுங்களா? கோணலா இல்லையே? எழுத்துத்தான் ரொம்பப் பொடுசு, வாசல்ல நின்னு பாத்தா அவங்களுக்குத் தெரியாது.

கிட்ட வந்தாத்தான் படிக்க முடியும். வருவாங்களா?